வரேன் என்ற சொல்

திருச்சி விமான நிலையத்தில் இப்போதெல்லாம் செருப்பைக் கழற்ற வேண்டாம், பையைத் திறக்க வேண்டாம். வாசலில் நின்று விடைபெற்றால் போதும். சொல்வதில் பொய்யிருந்தால் வாசலே நிறுத்திவிடும்.

கனடாவுக்குக் கிளம்பிய தேவசகாயம், "போயிட்டு வரேம்ப்பா" என்றான். வாசல் சிவந்தது.

காவலில் நின்ற செண்பகவல்லி, பழக்கதோஷத்தில் திரையை உரக்கப் படித்துவிட்டாள்: "பொய்யான சொல்: வரேன்."

தேவசகாயம் தலைகுனிந்தான். மகன் திரும்பி வரப்போவதில்லை என்று அப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"குண்டு கிண்டு வச்சிருக்கானாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா."

"அப்ப விட்டுடுங்க." மகனிடம் திரும்பினார். "'போறேன்'னே சொல்லுடா. ஃப்ளைட்டுக்கு நேரமாச்சுல்ல?"

"போறேம்ப்பா."

வாசல் பச்சையாகித் திறந்தது. பெரியவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், பாவம், செண்பகவல்லி சுத்தமான திரையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.