ஒரு சொட்டுப் பசை

சுக்கான் மாட்டிய இடம் இம்மியும் பிசகவில்லை. மெக்கானிக் மூன்றாவது முறையாக மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். படகின் பின்பக்கத்தில், நடுவிலிருந்து இரண்டு அங்குலம் வலப்பக்கம் தள்ளி, அவர் பொருத்திய இடத்திலேயே செங்குத்தாக நின்றது.

பந்தயத்தில் திருப்பம் எல்லாமே வலப்பக்கம்தான், அதனால் சுக்கானும் வலப்பக்கம். ரிமோட்டில் ஓடுகிற முழ நீளப் படகுதான் என்றாலும், இதில் ஒரு நூல் தப்பினாலும் திருப்பத்தில் குட்டிக்கரணம் போட்டுவிடும். அவர் கைக்கு அப்படித் தப்பியதே இல்லை.

விரலால் லேசாகத் தட்டினார். சுக்கான், கொக்கி போன கதவு மாதிரி இங்கும் அங்கும் தொளதொளவென்று ஆடியது. பார்க்க வேண்டியது மூடிக்கு உள்ளே என்று அவருக்குத் தெரியும், திறக்கத்தான் கை வரவில்லை.

"உள்ளயும் பாத்துடுங்கண்ணே," என்றாள் கேப்டனின் மனைவி. "ஓடுற நிலையில குடுத்தா படகுச் சங்கத்துல வெச்சுக்கிறோம்னு சொன்னாங்க."

கேப்டன் என்பது பட்டப்பெயர்தான். மனிதருக்கு வேலை பஸ் டிப்போவில். நீச்சல் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டால் அந்த ஏரியில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"தோக்குற அன்னிக்கு இதைத் தூக்கிக் கடாசிட்டு வீட்டோட கெடக்கிறேன், போதுமா?" என்று மனைவியிடம் வீறாப்பாகச் சொல்வார். ஆறு வருடமாகத் தோற்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருக்கவுமில்லை. அவளும் ஏரிக்கரைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் செட் பண்ணிக் கொடுத்த படகை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போய் வைப்பார். மறுநாள் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் தண்ணீரில் இறக்குவார். அவ்வளவு நம்பிக்கை.

மூன்று வாரத்துக்கு முன் முதல் சுற்று சரியாகத்தான் போனது. இரண்டாவது சுற்றில் படகு திரும்பவே இல்லை. ரிமோட்டை எப்படித் திருகியும் கேட்காமல் நேராகப் போய் எதிர்க்கரைக் கோரைக்குள் புகுந்துவிட்டது. துடுப்புப் படகு வரட்டும் என்று நாலு பேர் கத்தக் கத்த, கேப்டன் எதிர்க்கரைக்கு ஓடித் தண்ணீரில் இறங்கினார். படகை மட்டும்தான் உருப்படியாக எடுக்க முடிந்தது.

அன்றையிலிருந்து, இன்று அவள் படகோடு வந்து நிற்கும்வரை, மெக்கானிக் கடையைத் திறக்கவில்லை. ரிப்பேருக்கு வந்த தையல் மெஷின்கள் வந்தபடியே கிடந்தன. அழுகை வரவில்லை, பசி தெரியவில்லை, சோற்றைப் பிசைந்தால் யாரோ ஒருவருடைய கை பிசைகிற மாதிரி இருந்தது.

"உங்க வீட்லேருந்து அண்ணி ஃபோன் பண்ணாங்க," என்றாள் அவள். "நீங்க யார்கிட்டயும் வாயத் தெறக்கறதில்லையாமே. அதான் வந்தேன்."

"தெறந்து என்னம்மா சொல்றது?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவரு சாவுக்கு நான்தாம்மா காரணம்."

இனி நிறுத்த முடியாது என்பது போல அவர் சொல்லிக்கொண்டே போனார். "சுக்கானை இழுக்குற கம்பியை உள்ள ஒரு பொடி ஸ்க்ரூ புடிச்சிருக்கும். அதுல ஒரு சொட்டு நீலப் பசை வைக்கணும். வச்சா எவ்வளவு அதிர்ந்தாலும் கழலாது, ஆலன் கீ போட்டு நெம்பித் திருகினாத்தான் உண்டு. அன்னிக்கு அவரு அவசரப்படுத்தினாரு. நான் பசை வைக்க மறந்துட்டேம்மா."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை, அவர் முகத்தைப் போலவே.

"தெறங்கண்ணே," என்றாள். மேஜைமேல் வரிசையாகக் கிடந்த பத்துப் பன்னிரண்டு அளவு ஆலன் கீக்களில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

மூடியைத் திறந்தார். அவள் கொடுத்த கீ ஸ்க்ரூவில் கச்சிதமாக உட்கார்ந்தது. அரைச் சுற்றுகூட வேண்டியிருக்கவில்லை. ஸ்க்ரூ கையோடு வந்துவிட்டது.

வெள்ளைத் துணியில் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஸ்க்ரூவின் மரை முழுக்க நீலம். காய்ந்து விரிசல் விட்டிருந்த பசை, விரல் பட்டதும் பொடிப்பொடியாகத் துணியில் உதிர்ந்தது.

"பசை இருக்கு." அவருக்கு அது உடனே உறைக்கவில்லை. இன்னொரு தரம் பார்த்தார். "வச்சிருக்கேம்மா! நான் மறக்கல, நல்லாத்தான் வச்சிருக்கேன்!"

மூன்று வாரமாக வராத அழுகை இப்போது பொத்துக்கொண்டு வந்தது. துணியாலேயே முகத்தை ஒற்றிக்கொண்டார். பிறகுதான் அடுத்த கேள்வி எழுந்தது.

"அப்புறம் எப்படிம்மா இது கழண்டுது?"

அவள் படகின் மூடியை எடுத்து மெதுவாகப் பொருத்தினாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஒரு ரேஸ் தோத்தாப் போதும்னு நான்தாண்ணே லூசாக்கி விட்டேன்."