மாடசாமியின் நாடி

எங்கள் மருத்துவக் கல்லூரிப் பயிற்சி அறைக்குப் புதிதாக வந்த பொம்மை நோயாளிக்கு மாடசாமி என்று பெயர் வைத்தோம். பழைய பொம்மைகள் தப்பான மருந்தால் சாகும். மாடசாமி அப்படியில்லை. அறைக்குள் யாராவது சொல்ல வந்ததைப் பயந்து விழுங்கினால் போதும், அவருடைய நாடி இறங்கத் தொடங்கிவிடும்.

அன்று ஊசி போட்டதுமே நாடி சரிந்தது. டாக்டர் செண்பகவல்லி எங்களை முறைத்தார். அவர் முறைத்தால் எங்களுக்குப் பேச்சு வராது. நாடி இன்னும் சரிந்தது.

"யாரு அது? வாயத் தொறந்து சொல்லித் தொலைங்க!"

இருதயராஜ் கையைத் தூக்கினான். அவனுக்குத் திக்குவாய். வழக்கமாக அவன் பேச்சை நாங்களே முடித்துவைத்துவிடுவோம்.

"ஊ... ஊ... ஊசி போட்ட பிறகுதான் மேடம், உ... உடம்பெல்லாம் தடிச்சிருக்கு."

கடைசிச் சொல்வரை எல்லோரும் காத்திருந்தோம். நாடி கொஞ்சம் ஏறியது.

"சரியாச் சொன்னடே. ஒவ்வாமைதான்" என்றார் டாக்டர். நாங்கள் கைதட்டினோம். நாடி மறுபடியும் இறங்கியது.

"இன்னும் யாரு முழுங்குதீங்க?"

எங்களிடம் மிச்சம் எதுவும் இல்லை. மெதுவாக எல்லோர் கண்களும் டாக்டர் பக்கம் திரும்பின. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாத்து மருந்தோட அளவு எனக்கு மறந்துபோச்சு, பிள்ளையளா. யாராவது பாத்துச் சொல்லுங்க."

நாடி மளமளவென்று ஏறியது. மாடசாமி கண்ணைத் திறந்தார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா, தாயி?"

முதலில் சிரித்தது டாக்டர்தான். மூன்று வருஷமாக அவரிடம் படிக்கிறோம், அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தோம்.