காக்கைக்கு ஒரு பருக்கை

பாலும் கோதுமையும் பூவிழிக்கு ஆகாது. மிஞ்சியது சோறுதான், ஆனால் குழைவாக எது நாக்கில் பட்டாலும் அந்த நாலு வயதுக்காரிக்குக் குமட்டிவிடும். பொரியைத் தவிர எதையும் தொடமாட்டாள்.

அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைக்கும் வேலையை அப்பா பழனிவேல் அவளிடம் விட்டான். முகத்தைச் சுளித்துக்கொண்டே பருப்புச் சோற்றை விரல்நுனியால் மதில்மேல் தள்ளினாள். காக்கை வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. தொடவில்லை.

"அதுக்கும் பயமா இருக்குப்பா."

"அப்போ என்ன பண்ணலாம்?"

தினமும் அவன் அவளுக்குச் செய்துகாட்டுவதுபோலவே, விரலில் ஒட்டியிருந்த பருக்கையைக் காக்கைக்குக் காட்டிவிட்டுத் தன் நாக்கில் வைத்தாள். "ஒண்ணும் பண்ணாது, பாரு."

பழனிவேல் அவள் பக்கம் திரும்பவேயில்லை. யாராவது பார்த்தால் துப்பிவிடுவாள்.

"இன்னொண்ணு காட்டட்டுமா?" என்று அவள் காக்கையிடம் கேட்பது மட்டும் காதில் விழுந்தது.