தண்ணி ட்யூப்

“உன் பேர் நன்றியில வரும்மா,” என்றார் திருவேங்கடம், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செண்பகவல்லிக்குப் புரியவில்லை. “நன்றியிலயா? செஞ்சதே நாந்தான சார்?”

“நாலு பேருக்குத்தான் எடம். நாலும் ரொம்பியாச்சு.”

திரையிலிருந்த ஆய்வாளர் பட்டியலை எட்டிப் பார்த்தாள். பிரின்சிபால். துறைத் தலைவி ரஞ்சனா மேடம். மேடத்தின் மகன் கௌசிக். கடைசியில் அவளுக்கு வழிகாட்டியான திருவேங்கடம்.

ஆராய்ச்சி இதுதான். தாராவியில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று பால்சுறாக் கருவாடு சமைத்துப் போடுவார்கள். கடையில் கொடுப்பது நிஜமாகவே பால்சுறாதானா என்று டி.என்.ஏ.வை வைத்துப் பார்த்தாள் செண்பகவல்லி. இருபது துண்டில் பதினொன்று சுறாவே இல்லை.

ஐந்து மாத உழைப்பு. அந்த ஐந்து மாதமும் அவள் பையைத் திறந்தால் போதும், மாட்டுங்கா காலேஜின் லேப் காலியாகிவிடும். ரஞ்சனா மேடம் வாசலில் ஊதுபத்தி ஏற்றி வைத்தார். பிரின்சிபால் அந்த மாடிக்கே வருவதில்லை. கௌசிக் ஒரே ஒரு தடவை அம்மாவைத் தேடி வந்து, “ச்சீ, க்யா பத்பூ ஹை யார்!” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவன்.

பெங்களூர் மாநாட்டுக்குத் தேர்வாகிவிட்டது, பெயர்ப் பட்டியலை அனுப்புங்கள் என்று கடிதம் வந்த அன்று நாற்றம் போய்விட்டது.

பட்டியலில் பெயர் உள்ள மாணவருக்கு அங்கேயே எம்.எஸ்சி.க்கு நேரடி இன்டர்வியூ. அது இல்லையென்றால், மார்ச்சில் டிகிரி முடிந்ததும் விக்ரோலியில் பாக்கிங் வேலை. அப்பா சுயம்பு ஏற்கெனவே பேசி வைத்துவிட்டார்.

“கௌசிக் எதுக்கு சார்? அவன் இன்ஜினியரிங்லா படிக்கான்?”

“அமெரிக்கா போறான். அப்ளிகேஷன்ல ஒரு ரிசர்ச் இருந்தா நன்னாயிருக்கும்னு மேடம் கேட்டா. மாட்டேன்னு சொல்ல முடியறதா?”

ஐந்து மாதம் கூடவே நின்று சொல்லிக் கொடுத்த மனிதர்! செண்பகவல்லிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“ஒங்க பேரு மட்டும் பத்திரமா இருக்கு, என்ன சார்?” என்று கேட்டுவிட்டு விருட்டென்று வெளியே வந்தாள்.

மறுநாள் காலை அவளை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார் திருவேங்கடம். போய் நின்றதும் அவர் போட்ட சத்தம் கீழ்மாடி வரை கேட்டது.

“என்ன வேலை பண்ணி வெச்சிருக்கே? தண்ணி ட்யூப்ல கோடு விழுந்திருக்கு!”

அவர் கையில் ஒரு சோதனைப் படம். ஒவ்வொரு தடவையும் கருவாடு போட்ட ட்யூப்களோடு, வெறும் தண்ணீர் விட்ட ஒரு ட்யூபையும் சேர்த்து ஓட்ட வேண்டும். படத்தில் அந்த இடம் காலியாக இருந்தால்தான் மற்றதை நம்பலாம். அதிலும் கோடு விழுந்தால் எங்கேயோ கலந்துவிட்டது, மொத்தமும் குப்பை.

“இல்ல சார், எல்லாம் க்ளீனாத்தான...”

“நீ வாயைத் தொறக்காதே!”

அத்தனை பேர் முன்னால் செண்பகவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தை அவளுக்குக் காட்டாமல் மேடத்திடம் நீட்டினார் திருவேங்கடம். மேடம் லேப் வேலை பார்த்துப் பத்து வருஷமாகிறது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“இப்போ என்ன சார் ஆகும்?” என்றார் மேடம்.

“மேடையிலேயே கேப்பா மேடம். பேர் போட்டிருக்கற ஒவ்வொருத்தரும் எழுந்து நின்னு பதில் சொல்லணும்.”

பதில் சொல்ல வேண்டும் என்றதும் மேடத்துக்கு நியாயம் ஞாபகம் வந்தது.

“அது சரி, கௌசிக் இதுல ஒண்ணுமே பண்ணலையே! அவன் பேர் எப்படி வந்தது?”

“நீங்கதான்...”

“எடுத்துடுங்கோ. எம்பேரும் வேண்டாம். நான் வெறும் ஹெட்தானே.”

பிரின்சிபாலுக்கு ஃபோன் போயிற்று. “நான் ஊக்கம்தான்யா குடுத்தேன்!” என்று அலறினார் அவர்.

“எழுத்துல குடுத்துட்டா தேவலை,” என்றார் திருவேங்கடம் பவ்யமாக.

பத்தே நிமிஷத்தில் மூன்று மெயில். மூன்றிலும் ஒரே வரி: ‘இந்த ஆராய்ச்சியில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.’ ஐந்து மாதத்தில் அவர்கள் இந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

லேப் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் செண்பகவல்லி. திருவேங்கடம் வந்து ஒரு தாளை நீட்டினார். புதுப் பட்டியல். இரண்டே பெயர். முதல் பெயர் செண்பகவல்லி சுயம்பு.

“எல்லாம் குப்பைன்னு ஆனப்புறம் எம்பேரு எதுக்கு சார்? மேடையில திட்டு வாங்கவா?”

அவர் அந்தப் படத்தை அவள் முன்னால் வைத்தார்.

ஓரத்தில் தேதி. அவளுடைய கையெழுத்து. ஜூலை எட்டு. லேப்புக்கு வந்த முதல் வாரம், துளி எடுக்கும் பிப்பெட்டின் நுனி டிப்பை மாற்ற மறந்து அவள் சொதப்பிய முதல் சோதனை. கடைசியாக எடுத்த படங்கள் அத்தனையும் பத்திரமாக, சுத்தமாக, அவளுடைய ஃபைலிலேயே இருந்தன.

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு.

“சார்! தேதி இவ்ளோ பெருசா போட்டிருக்கேன். ஒருத்தருமா பாக்கல?”

“பாக்கத் தெரிஞ்ச ஒருத்தியைத்தான் லிஸ்ட்ல சேக்கவே இல்லையேம்மா!” என்றார் திருவேங்கடம்.