க்ளைவ் செய்த துப்பாக்கி

நோரீனின் ஆட்டுக்குட்டிகளை நரி தூக்கிப்போகிறது என்று கேள்விப்பட்டதும், பக்கத்துப் பண்ணை க்ளைவ் துப்பாக்கியோடு வந்து இறங்கினார்.

"உங்க வீட்டுப் பழைய துப்பாக்கியப் பாத்தா முயல்கூட சிரிக்கும். இது பாயிண்ட் டூ டூ ரைஃபிள். குழலக் கடைஞ்சதுலேருந்து கட்டையச் செதுக்கினது வரைக்கும் என் கைவேலை. குறி மயிரிழை தப்பாது."

மேட்டுப்பக்கம் போனார். நாலு வெடிச்சத்தம் கேட்டது. திரும்பி வந்து சமையலறையில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது உங்க நரி. முதல் குண்டுலயே விழுந்துடுச்சு."

"அப்புறம் எதுக்கு இன்னும் மூணு?"

"உறுதிப்படுத்தத்தான். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"நரி எப்படி இருந்துச்சு?"

"நல்ல செம்பட்டை. காது ரெண்டும் விறைப்பா நின்னுச்சு. திமிரப் பாருங்க, என்னைப் பாத்து வாலாட்டுச்சு!"

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நோரீன் கெண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்.

மந்தை மேய்க்கும் அவருடைய செந்நிற நாய் டில்லி, மேட்டிலிருந்து துள்ளிக்கொண்டு இறங்கி வந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

நோரீன் அதைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு, வாசலில் விழித்துக்கொண்டு நின்ற க்ளைவை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லவேளை, துப்பாக்கிய நீங்களே செஞ்சீங்க."