யார் போட்ட பூட்டு

மருதாயிக்கு இந்த சிமெண்ட் ஆலை செய்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன்.

ஒன்று, விக்கிரமங்கலம் பக்கம் அவள் குடும்பம் உழுதுகொண்டிருந்த நிலம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போனது. இரண்டு, வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை என்றார்கள். கான்ட்ராக்டர் மூலமாகக் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். மூன்று, மூட்டை நிரப்பும் பகுதியில் பதினொரு வருடம் தூசியைக் கூட்ட வைத்தார்கள். முகமூடி கேட்டதற்கு, முந்தானை இருக்கிறதே என்றார் சூப்பர்வைசர். நான்கு, இருமல் நிற்காமல் போனபோது நெஞ்சைப் படமெடுத்த ஆலை டாக்டர், ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கவில்லை. துணையிடம் கேட்டு வாங்கிக்கொள் என்று அனுப்பிவிட்டார்.

துணை என்பது ஆளில்லை. எங்கள் எல்லோர் செல்போனிலும் ஆலை ஏற்றி வைத்திருக்கும் ஏஐ. காலையில் வருகையைப் பதிவதும் அதில்தான். லீவு, ஷிப்ட், ரிப்போர்ட் எதைக் கேட்டாலும் தமிழிலேயே எடுத்துக் கொடுக்கும். மருதாயி கேட்டால் மட்டும் ஒரே பதில்: "மன்னிக்கவும். இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை."

மறுநாள் காலை திருச்சி பெரியாஸ்பத்திரியில் அவள் நுரையீரலைப் பார்க்கப் போகிறார்கள். பழைய ரிப்போர்ட் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். விசாரித்ததில், கூட்டுகிற பெண்கள் பதினான்கு பேருக்கும் அதே பதில்தான்.

மருதாயி எங்கள் தொழிற்சங்கத்து ஆள் இல்லை. உறுப்பினர் அட்டை கேட்டு மூன்று முறை வந்தாள். கான்ட்ராக்ட் ஆட்களைச் சேர்ப்பது பற்றி அடுத்த பொதுக்குழுவில் பேசுவோம் என்று மூன்று முறையும் சொல்லி அனுப்பினேன். ஆனாலும் அநியாயம் அநியாயம்தானே. சங்கத்து அறிவரசனையும் சின்னதுரையையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மருதாயியோடு கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனேன். கூட்டுகிற பெண்களும் துடைப்பத்தோடு பின்னால் வந்து வாசலில் நின்றார்கள்.

துணைக்குப் பொறுப்பு ஹேமலதா. உடையார்பாளையம் பக்கத்தில் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண்.

"மெஷினுக்குக்கூட ஆளு பார்த்துப் பேசக் கத்துக் குடுத்துட்டீங்க போலிருக்கும்மா" என்றேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "மெஷினுக்கு யாரையும் தெரியாது சார். நாம சொல்லி வச்சதுதான் தெரியும். உக்காருங்க, பார்ப்போம்."

ஹேமலதா மருதாயியின் செல்லை வாங்கி வரிசையாகப் பார்த்தது. லாகின் சரியாக இருந்தது. கணக்கு உயிரோடு இருந்தது. ரிப்போர்ட்டும் அவள் பேரிலேயே இருந்தது. பூட்டு வேறெங்கோ இருக்கிறது என்று சொல்லி, யார் யார் எந்தக் குரூப்பில் என்கிற பட்டியலைத் திறந்தது. திறந்ததும் கை நின்றுவிட்டது. ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தது.

பிறகு இரண்டு தட்டு. "பூட்டை எடுத்துட்டேன் சார். இப்பக் கேக்கச் சொல்லுங்க."

மருதாயி கேட்டாள். நெஞ்சுப் படம், டாக்டர் எழுதியது, எல்லாம் வந்து விழுந்தது. வாசலில் நின்ற பெண்களுக்கும் வந்தது.

"வந்துடுச்சுண்ணே. வாங்க போவோம்" என்றாள் மருதாயி.

முப்பத்திரண்டு வருடம் கேட்டில் கொடி பிடித்தவன் நான். அப்படியெல்லாம் போய்விட முடியுமா?

"பூட்டுனது யாரு?" என்றேன்.

"பழைய செட்டிங் சார். ரெண்டு வருஷம் முன்னாடி, துணை வந்த புதுசுல போட்டது. அதான் சரியாயிடுச்சே."

"செட்டிங் தானா வராதும்மா. எவனோ சொல்லித்தானே போட்டிருப்பே?"

"அது எதுக்கு சார் இப்ப?" என்றது ஹேமலதா. பர்சனல் மேனேஜரைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று நினைத்தேன். சின்னதுரையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "ராசாங்கண்ணே, பேரு வாங்காம எந்திரிக்காதீங்க" என்றான்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிர்வாகம் எழுதிய எதையும் யாரும் மனதுக்குள் படிக்கக் கூடாது. படிக்கத் தெரியாதவர்களும் கேட்கும்படி சாட்சிகள் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும், எழுதியவன் பேர் உட்பட. நான் கொண்டுவந்த வழக்கம்தான்.

"ஏன் போட்டது, யார் கேட்டதுன்னு அதுல பதிஞ்சிருக்கும்ல? படி" என்றேன்.

"நான் படிக்கல சார்." திரையை என் பக்கம் திருப்பியது. குரலைத் தாழ்த்தி, "நீங்களே பாருங்க. மனசுக்குள்ளேயே படிச்சுக்குங்க" என்றது.

நான் எழுந்து நின்று, கேட் மீட்டிங் குரலில் ஆரம்பித்தேன்.

"துணை என்னும் வசதி, போராடிப் பெற்ற நிரந்தரத் தொழிலாளர்களுக்கே உரியது. நேற்று வந்த ஒப்பந்தக் கூலிகளுக்கும் அதைத் திறந்துவிட்டு எங்களை அவர்களோடு சமமாக்குவதை ஏற்க மாட்டோம். மீறினால் வாயில் மறியல் நடக்கும்."

நல்ல தமிழ் என்று தோன்றியது. பழகிய தமிழ் என்றும் தோன்றியது. இரண்டு வருடத்தில் எத்தனையோ கடிதம் எழுதுகிறோம், எல்லாமா நினைவிருக்கிறது? கீழே கடைசி வரிக்குக் கண் போனது. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஹேமலதாவின் கை மவுஸுக்குப் போனது. மூடிவிடத்தான்.

வாசலில் பதினான்கு பேரும் காத்திருந்தார்கள். மருதாயி முந்தானையை வாயில் வைத்து இருமலை அடக்கிக்கொண்டிருந்தாள், நான் படிப்பது கேட்க வேண்டுமென்று.

"இருக்கட்டும்மா" என்றேன். குரலைச் சரிசெய்துகொண்டு, கடைசி வரியையும் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன்.

"கேட்டுக்கொண்டவர்: பெ. ராசாங்கம், பொதுச்செயலாளர்."