உருவிப் போட்ட ட்யூப்

மாசிலாமணிக்கு ஆபரேஷன் ஆன நாளிலிருந்து சிறுநீரை இறக்கிவிட்டுக்கொண்டிருந்த ட்யூப்பை, நர்ஸ் இன்று பதமாக உருவி, யூரின் பேக்கோடு குப்பைத்தொட்டியில் போட்டாள். "தானாப் போயிட்டா வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா புது ட்யூப்தான்" என்றாள்.

"நாம இல்லாம அவருக்கு எங்க வரும்?" என்று பேக் கறுவியது.

"வாயைக் கழுவு" என்றது ட்யூப்.

மாசிலாமணி கழிப்பறைக்குள் போய் வெகுநேரமாயிற்று. வெளியே நின்ற அவர் மனைவி, தண்ணீர்ச் சத்தம் கேட்டாலாவது வருமென்று வாஷ்பேசின் பைப்பைத் திறந்துவிட்டாள். "அவசரமில்லைங்க, நிதானமா இருங்க."

ட்யூப் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தது. சத்தம் கேட்டது.

"அட மண்டு, அது பைப்புத் தண்ணி!" என்று பேக் சிரித்தது.

மனைவி பயந்துகொண்டே பைப்பை மூடினாள்.

உள்ளே சத்தம் நிற்கவில்லை.